பவர் ஸ்டியரிங்கில் சத்தமா? காரணம் அறிந்து சரிசெய்வோம்

காரை நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வருகிறது. நேராக ஓட்டும்போது அது கேட்பதில்லை. வண்டிதான் ஓடுகிறதே என்று பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. சில மாதங்கள் கழித்து பம்பையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லும்போதுதான் கவலை வருகிறது. தொடக்கத்திலேயே கவனித்திருந்தால் ஒரு சின்ன ரப்பர் வளையத்தோடும் கொஞ்சம் ஆயிலோடும் முடிந்திருக்கலாம். சத்தம் எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று பார்த்தாலே கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்த பவர் ஸ்டியரிங் ஆயில் அழுத்தத்தால் இயங்கியது. பழைய இன்னோவா, பொலேரோ போன்ற வண்டிகளில் இருப்பதும் அந்த வகைதான். ஸ்விஃப்ட், வேகன்ஆர் போன்ற இன்றைய சிறிய கார்களில் மின்மோட்டார் உதவுகிறது. அவற்றில் ஸ்டியரிங் ஆயிலே கிடையாது. உங்கள் வண்டி எந்த வகை என்பது அதோடு தந்த கையேட்டில் இருக்கும்.

ஆயில் வகையில் இன்ஜின் ஒரு பெல்ட் மூலம் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு ஆயிலை அழுத்தி ரேக்குக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம்தான் சக்கரத்தைத் திருப்ப நம் கைக்கு உதவுகிறது. வேலை முடிந்த ஆயில் மீண்டும் டப்பாவுக்குத் திரும்புகிறது.

சத்தம் சொல்லும் செய்தி

முனகல்: திருப்பும்போது வந்து, இன்ஜின் வேகத்தோடு கூடினால் ஆயில் குறைந்திருக்கலாம் அல்லது அதில் காற்று கலந்திருக்கலாம்.

கீச்சென்ற சத்தம்: காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அல்லது முழுதாக ஒடிக்கும்போது வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

சீறல்: ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து நிறுத்தும்போது மட்டும் லேசாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். கூடுதல் அழுத்தத்தை வால்வு வெளியேற்றும் ஒலி அது. ஆனால் அந்த நிலையில் 5 நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். பம்பு சூடேறிக் கெட்டுவிடும்.

டக் டக் என்ற சத்தம்: குழியில் இறங்கும்போதும் ஒடிக்கும்போதும் வந்தால் பம்பின் மேல் பழிபோட வேண்டாம். டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், சஸ்பென்ஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவை கழன்றால் சக்கரம் நம் கட்டுப்பாட்டில் இராது. எனவே தள்ளிப்போடவே கூடாது.

ஆயிலைச் சோதிக்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். டப்பாவின் மேலும் கீழும் உள்ள இரு கோடுகளுக்கு இடையே ஆயில் இருக்க வேண்டும். நுரைத்திருந்தால் காற்று புகுந்துள்ளது. கறுத்துக் கருகிய வாடை அடித்தால் ஆயிலை மாற்றும் காலம் வந்துவிட்டது. உலோகத் துகள் மின்னினால் பம்பின் உட்பாகம் தேய்கிறது.

கையேடு சொல்லும் ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள். பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறிக் கெட்டுவிடும்.

இந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் பொருள். ஹோஸ் இணைப்புகள், பம்பின் அடிப்பகுதி, ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகள் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். உறைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் ரேக் சீல் போய்விட்டது. ஒழுக்கை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சூடான சைலன்சர் குழாயில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும்.

ஆயில் அளவு சரியாக இருந்தும் முனகல் நீடிக்கிறதா? டப்பாவிலிருந்து பம்புக்குச் செல்லும் ஹோஸின் கிளிப்பையும் ஓ-ரிங்கையும் பாருங்கள். அந்தப் பக்கம் பம்பு உறிஞ்சுவதால், ஆயில் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே போகும். பல வண்டிகளில் டப்பாவின் அடியில் வலை வடிகட்டி ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டாலும் இதே சத்தம்தான் வரும். பம்பை மாற்றச் சம்மதிக்கும் முன் இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

காற்றை வெளியேற்றுதல்

ஒழுக்கைச் சரிசெய்த பின், பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. இன்ஜின் அணைந்திருக்கட்டும். டப்பாவின் மூடியைத் திறந்துவைத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் 15 முதல் 20 முறை மெதுவாகத் திருப்புங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றி வாருங்கள். குமிழிகள் நின்ற பின் இன்ஜினை ஓடவிட்டு, இருபுறமும் சிலமுறை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நுரை இல்லை என்றால் வேலை முடிந்தது.

மின் வகையில்

நின்ற இடத்தில் திருப்பும்போது வரும் மெல்லிய ரீங்காரம் இயல்பானது. ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் பாருங்கள். மின்சாரம் குறைந்தாலும் அது எரியும். பிறகு ஸ்கேனர் வைத்துச் சோதிப்பதே முறை. ஸ்டியரிங் வளையத்துக்குள் உரசல் கேட்டால் நீங்களே கழற்ற வேண்டாம். ஏர்பேக் அங்கேதான் இருக்கிறது.

குடும்பத்தில் எல்லோரும் அறிய வேண்டியது

பவர் ஸ்டியரிங் செயலிழந்தாலும் சக்கரம் திரும்பும்; ஆனால் மிகவும் கனக்கும். மெதுவாகச் செல்லும்போது அந்தக் கனம் இன்னும் தெரியும். பழக்கமுள்ள ஒருவர் பலத்தால் சமாளித்துவிடலாம். அதே காரை ஓட்டும் வயதான தந்தையோ கல்லூரி செல்லும் மகளோ ஒரு வளைவில் திகைத்துப் போவார்கள். எனவே வண்டி ஓட்டும் அனைவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்: ஸ்டியரிங் திடீரெனக் கனத்தால் வேகத்தைக் குறைத்து, இரு கைகளாலும் இறுகப் பிடித்துத் திருப்பி, ஓரமாக நிறுத்த வேண்டும்.

மலைப்பாதையில் பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்து இறங்குவது சிலரது வழக்கம். அணைத்தவுடன் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் உதவி குறைந்துவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பும் முன், வாசலிலேயே நின்று ஸ்டியரிங்கை இருபுறமும் ஒருமுறை ஒடித்துக் கேளுங்கள். சத்தம் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுப் புறப்படுவதே நல்லது.