கயிறு யார் கையில்? – ஜன்னல், கீற்று, தாவல்: ஒரு கொசுவத்தி

இது கொஞ்சம் நீளமான கொசுவத்தி. ஆணி கம்மியா இருக்கறப்போ படிங்க.

எங்க ஊரு ஒடுகத்தூர்ல வெள்ளிக்கிழமைன்னா ஆட்டுச் சந்தை. விலை படியற வரைக்கும் கயிறு விக்கிறவர் கையில. பணம் கை மாறினா கயிறும் கை மாறிடும். ஒரு சுட்டியைச் சொடுக்கினா அது எங்கே தொறக்கணும்ங்கறதுலயும் இதே கேள்விதான். பக்கத்தை எழுதினவர் முடிவு பண்றதா, படிக்கிறவர் முடிவு பண்றதா? கிட்டத்தட்ட 30 வருஷமா நடக்கிற இழுபறி.

எனக்கு இது தெரிஞ்சது 2005-ல். அக்காவுக்கு ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடணும், கடைசி நாள். வேலூர்ல ஒரு பிரௌசிங் சென்டர். பெயர், முகவரி, மதிப்பெண்ணுன்னு 40 நிமிஷம் தட்டியாச்சு. ஒரு சந்தேகம் வர, ‘விதிமுறைகள்’ங்கற சுட்டியைச் சொடுக்கினேன். அதே ஜன்னல்லயே தொறந்துச்சு. பின்னாடி போனா படிவம் காலி. திரும்பத் தட்டி முடிக்கறதுக்குள்ள தளம் படுத்துடுச்சு. அக்கா ஒண்ணும் சொல்லலை. அடுத்த மாசம் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போயிட்டாங்க.

ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே சொடுக்கினா சுட்டி தனி ஜன்னல்ல தொறக்கும். அந்த வசதி அன்னிக்கு அந்தப் பொட்டியிலயே இருந்துச்சு. எனக்குத்தான் தெரியாது. இந்த வரலாற்றை நான் தேடிப் படிச்சதுக்குக் காரணமே அதுதான்.

இந்தியாவுல வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15. அடுத்த வருஷம் வந்த நெட்ஸ்கேப் 2, ஒரு பக்கத்தைப் பல சட்டங்களாப் பிரிக்க வழி பண்ணுச்சு. எந்தச் சுட்டி எந்தச் சட்டத்துல தொறக்கணும்னு சொல்ல ‘டார்கெட்’னு ஒரு குறிப்பும் கூடவே வந்தது. அதுல ‘பிளாங்க்’னு போட்டா புது ஜன்னல். ஆக, கயிறு எழுதினவர் கைக்குப் போச்சு.

கயிறு கிடைச்சா சும்மா இருப்பாங்களா? அதே தொண்ணூறுகள்ல டிரைபாட் நிறுவனத்துல இருந்த ஈதன் சக்கர்மேன், விளம்பரத்தைத் தனி ஜன்னல்ல எகிற வைக்கிற நிரலை எழுதினார். ஏடாகூடமான பக்கத்துல தன் விளம்பரம் ஒட்டிக்கிட்டிருந்தா விளம்பரதாரர் சங்கடப்படுவார், அதனால தனி ஜன்னல்! 2014-ல் இதுக்காக அவர் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். பிரௌசிங் சென்டர்ல ஒவ்வொரு ஜன்னலா மூடியே காசைத் தொலைச்ச நம்மள்ல எத்தனை பேர் மன்னிச்சோம்னு தெரியலை :-)

1997 டிசம்பர்ல எச்டிஎம்எல் 4 வந்தப்போ, அதோட ‘ஸ்ட்ரிக்ட்’ வடிவத்துல டார்கெட்டுக்கு இடம் இல்லை. ஆனா யார் கேட்டா? எல்லாரும் போட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. கடைசியில எச்டிஎம்எல் 5-ல் திரும்ப சேர்த்துக்கிட்டாங்க.

சட்டம் போட்டுத் தடுக்க முடியாததை உலாவிகள் மாத்துச்சு. ஆடம் ஸ்டைல்ஸ்ங்கறவர் 1998 வாக்கில் வெளியிட்ட நெட்கேப்டர்ல ஒரே ஜன்னலுக்குள்ள பல பக்கங்களைத் தொறந்து வைக்கலாம். 2001-ல் மொசில்லாவுக்கும் அது வந்தது. 2004 நவம்பர் 9-ல் நம்ம நெருப்புநரி 1.0, எகிறு ஜன்னலைத் தடுக்கிற வசதியோட வந்து அதை ஊருக்கெல்லாம் பழக்கிடுச்சு. மைக்ரோசாஃப்ட் 2006 அக்டோபர்ல ஐ.ஈ. 7 மூலமா சேர்ந்துக்கிச்சு.

அதே மாசம் வந்த நெருப்புநரி 2-ஐ நான் மறக்க மாட்டேன். புது ஜன்னல் கேட்கிற சுட்டியையும் கீற்றுலயே தொறந்துச்சு. பொட்டி திடீர்னு அணைஞ்சா, தொறந்திருந்த பக்கங்களோட பாதி தட்டின படிவத்தையும் மீட்டுக் கொடுத்துச்சு. அடுத்தடுத்த வருஷங்கள்ல தமிழ்நாட்டுல கரண்ட்டு போன லட்சணம் உங்களுக்கே தெரியும். யு.பி.எஸ். இல்லாத வீட்டுக்கு அதான் யு.பி.எஸ்.

பேரைப் பாருங்க: தமிழ் நெருப்புநரியில ‘கீற்று’, குரோம்ல ‘தாவல்’. ஒண்ணு அதோட வடிவத்தைச் சொல்லுது, இன்னொண்ணு நாம பண்ற வேலையைச் சொல்லுது. என் ஓட்டு கீற்றுக்கு.

ஆனா கீற்றுலயும் ஒரு ஓட்டை இருந்துச்சு. 2010-ல் ஏசா ரஸ்கின் ஒரு தந்திரத்தை எடுத்துக் காட்டினார். நீங்க வேற கீற்றுக்குப் போன நேரம் பாத்து, பழைய கீற்று மின்னஞ்சல் நுழைவுப் பக்கம் மாதிரி வேஷம் மாத்திக்கும். திரும்பி வந்து கடவுச்சொல்லைக் கொடுத்தா போச்சு. இன்னொரு ஆபத்து டார்கெட்டுலயே இருந்தது. புதுசா தொறந்த பக்கம், தன்னைத் தொறந்துவிட்ட பழைய பக்கத்தையே வேற முகவரிக்குத் திருப்பிவிட முடியும். 2020 ஜூலையில நெருப்புநரியும், 2021 ஜனவரியில குரோமும் அந்தத் தொடர்பைத் தானாவே அறுக்க ஆரம்பிச்சுது.

இன்னிக்குக் கயிறு மறுபடி கை மாறுது. இன்ஸ்டாகிராம்ல ஒரு சுட்டியைத் தொட்டா அவங்க செயலிக்குள்ளேயே இருக்கிற உலாவியிலதான் தொறக்குது. ஓரத்துல இருக்கிற புள்ளிகளைத் தொட்டு ‘வெளி உலாவியில் திற’னு நாமதான் கேட்டு வாங்கணும். இன்னொரு பக்கம் நம்ம ஊரு சங்கதி: சென்னையோட சோஹோ நிறுவனம் 2023 மே மாசம் ‘உலா’ன்னு தமிழ்ப் பேரோட ஒரு உலாவி வெளியிட்டுச்சு. வேலைக்கு, வீட்டுக்கு, குழந்தைக்குன்னு தனித்தனி அறைகளாப் பிரிச்சுத் தொறக்கலாம். 2025 மார்ச்சில், மத்திய அரசு நடத்தின உலாவிப் போட்டியில 1 கோடி ரூபாய் முதல் பரிசும் வாங்குச்சு.

போன மாசம் அக்கா பொண்ணு போன்ல கல்லூரி விண்ணப்பம் போட்டுக்கிட்டிருந்தா. விதிமுறைச் சுட்டி வந்துச்சு. எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. அவ சுட்டியை அழுத்திப் புடிச்சு, புதுத் தாவல்ல தொறந்து படிச்சுட்டுத் திரும்பி வந்தா. படிவம் அப்படியே இருந்துச்சு.

“யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?”னு கேட்டேன்.

“அம்மாதான் மாமா.”

டிஸ்கி: கணினியில கண்ட்ரோல் + சொடுக்கு, இல்லைன்னா எலியோட நடுச்சக்கரம். மூடின கீற்று திரும்ப வேணும்னா கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி. தெரியாதவங்க ஒருத்தருக்காவது சொல்லிக் கொடுங்க மக்கா.