பக்கவாத்தியமாய் நின்ற பாலையா

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நாயகர்களின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். பாகவதர் காலம், சின்னப்பா காலம், எம்.ஜி.ஆர். - சிவாஜி காலம் என்று காலங்களுக்கே நாயகர் பெயரைச் சூட்டிவிடுகிறோம். பாகவதருக்கு எதிராக வாள் சுழற்றியவர் ஒருவர். எம்.ஜி.ஆர். அறிமுகமான அதே படத்தில் தாமும் அறிமுகமானவர். சிவாஜி நாதசுரம் ஏந்தி அமர்ந்தபோது அருகில் தவிலோடு அமர்ந்தவர். எல்லாக் காலத்திலும் இருந்தும் எக்காலத்துக்கும் பெயராகாத அந்தப் பெருநடிகர்தாம் டி. எஸ். பாலையா. அவர் நடித்த படங்களின் பெயர்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால், நாயகர் வரலாறு சொல்லாத வேறொரு வரலாறு நமக்குப் புலப்படும். அதனை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

பூதிகோட்டையில் வாழும் நமக்கு இப்பொருள் அயலானதன்று. ஐதர் அலி பிறந்த ஊர் என்பதே உலகம் நம் ஊரைப் பற்றி அறிந்த செய்தி. கோட்டைக்குக் கல் சுமந்தோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அண்மையிலுள்ள கோலார் தங்கவயலிலும் அதே நிலைதான். 1880-ஆம் ஆண்டிலிருந்து சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்தின் பெயர் வரலாற்றில் நிலைத்திருக்கிறது. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, மூன்று கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பாறை உடைத்த நம் முன்னோரின் பெயர்கள் அவ்வாறு நிலைக்கவில்லை. முன்னே தோன்றும் ஒருவருக்காகப் பின்னே நின்று தாங்குவோர் பலர் என்பது நம் குடும்பங்கள் அனுபவத்தால் அறிந்த பாடம்.

பெயரில் உள்ள குறை

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். திரையுலகில் ‘துணை நடிகர்’ என்றால், அரசவையில் வரிசையாக நிற்பவரையும் சந்தைக் கூட்டத்தில் நடமாடுபவரையுமே குறிக்கும். நாயகருக்கு அடுத்த நிலையில் கதையைத் தாங்குபவரைக் ‘குணசித்திர நடிகர்’ என்பர். வில்லன், நகைச்சுவை நடிகர், தந்தை வேடக்காரர் என்ற பிரிவுகளும் உண்டு. பாலையாவை இப்பிரிவுகளில் எதற்குள் அடைப்பது? அவர் எல்லாமாகவும் இருந்தார். ஆகவே நம் இசை மரபிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, அவரைத் திரையின் ‘பக்கவாத்தியம்’ என்றே அழைக்க விரும்புகின்றோம். கச்சேரி பாடகர் பெயரால் விளம்பரமாகும். ஆயினும் மிருதங்கமும் வயலினும் தளர்ந்தால் அன்றைய கச்சேரி எழாது.

முதற்படமும் முதல் வேடமும்

பாலையா 1914-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில், திருவைகுண்டத்தை அடுத்த சுண்டங்கோட்டையில் பிறந்தவர். அக்காலத்து நடிகர் பலரைப் போலவே நாடக மேடையில் பயின்று திரைக்கு வந்தார். அவருடைய முதற்படம் 1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’. கதை எஸ். எஸ். வாசனுடையது, ஆனந்த விகடனில் தொடராக வந்தது. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். நாயகர் எம். கே. ராதா. எம்.ஜி.ஆரும் பாலையாவும் இப்படத்தில்தான் முதன்முதலாகத் திரையில் தோன்றினர்.

அதில் பாலையா ஏற்றது நல்லவனைக் குடிக்குப் பழக்கிக் கெடுக்கும் கூடாநட்பின் வேடம். கெட்ட நாயகன் கொலைப்பழிக்கு அஞ்சி இலங்கைக்கு ஓடுகிறான். அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழல்கிறான். பிழைப்புக்காகப் பிறமண் சென்ற தமிழரின் பாட்டைத் தொடக்க காலத்திலேயே திரையில் காட்டிய படம் இது. அந்த நாயகனைத் தோட்டம் வரை துரத்தியது யார்? கெடுக்க வந்த நண்பன். அவன் பேச்சில் மயக்கும் இனிமை இல்லையேல் நாயகனின் வீழ்ச்சியை எவர் நம்புவர்? எம்.ஜி.ஆருக்கு அப்படத்தில் அமைந்தது சிறியதொரு காவல் அதிகாரி வேடமே. பாலையாவின் வேடம் அதனினும் பெரிது.

மறு ஆண்டு, 1937-இல், அதே டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’ வந்தது. பாகவதர் அம்பிகாபதி, பாலையா பகைவனான ருத்திரசேனன். பாகவதரின் குரலினிமையைக் கேட்க மக்கள் கொட்டகைக்கு வந்தனர் என்பது உண்மை. அந்த இனிமைக்கு ஆபத்து நேருமோ என்று அவர்களை அஞ்ச வைத்த பணி பாலையாவைச் சேர்ந்தது.

பெயர் வரிசை மாறிய கதை

இனி வருவது படப்பெயர்களை ஊன்றிப் பார்ப்போரே கவனிக்கும் செய்தி. 1947-இல் ஜூபிடர் நிறுவனத்தாரின் ‘ராஜகுமாரி’ வெளிவந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதல் நாயகராக நடித்த படம் அதுவே. பாலையாவும் அதில் நடித்தார். அடுத்த ஆண்டு, 1948-இல், அதே நிறுவனத்தாரின் ‘மோகினி’ வந்தது. இதில் பாலையாவும் மாதுரி தேவியும் ஓரிணை, எம்.ஜி.ஆரும் வி. என். ஜானகியும் மற்றோரிணை. நடிகர் வரிசையில் பாலையாவின் பெயர் முன்னே நின்றது; எம்.ஜி.ஆர். பெயர் பின்னே வந்தது.

பின்னர் அவ்வரிசை மாறிற்று. 1956-இல் வந்த ‘மதுரை வீர’னில் எம்.ஜி.ஆர். மக்கள் வழிபடும் காவல் தெய்வமான வீரனாகத் தோன்றினார். பாலையா அவ்வீரனுக்குப் பகைவனான நரசப்பனாக வந்தார். ஒருவர் 1977-இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். மற்றவர் இறுதிவரை இரண்டாம் வரிசையிலேயே நடித்தார். முன்வரிசையில் ஒருமுறை நின்றவர் பின்வரிசைக்கு வரும்போது மனம் தளர்ந்து நடிப்பில் சோர்வு காட்டுவதும் உண்டு. பாலையாவின் படங்களிலோ, அவருடைய மிகச் சிறந்த வேடங்கள் எல்லாம் பின்வரிசைக்கு வந்த பிறகே அமைந்தன. இதுவே அவரிடம் நாம் கற்க வேண்டிய செய்தி.

வில்லன் முதல் அண்ணன் வரை

1949-இல் வந்த ‘வேலைக்காரி’யை எடுத்துக்கொள்வோம். கதை வசனம் அறிஞர் அண்ணாவுடையது. நாயகர் கே. ஆர். ராமசாமி. தந்தையை இழந்து, பழிவாங்கும் வெறியோடு கத்தியைக் கையிலெடுக்கும் ஆனந்தனுக்கு அறிவின் வழியைக் காட்டும் நண்பன் மணியாகப் பாலையா நடித்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நாயகனைக் கெடுத்த நண்பன், இங்கே நாயகனைத் திருத்தும் நண்பனானான். இரண்டாண்டு கழித்து, 1951-இல், அண்ணாவின் மற்றொரு கதையான ‘ஓர் இரவு’ ஏ.வி.எம். தயாரிப்பாக வந்தபோது, அவரே ஜகவீரன் என்னும் கயவனானார். ஒரே ஆசிரியரின் இரு கதைகளில் நன்மைக்கும் தீமைக்கும் ஒரே நடிகரைப் பயன்படுத்த முடிந்தது என்றால், அவருடைய ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1954-இல் ‘தூக்குத் தூக்கி’யில் வடநாட்டுச் சேட்டாக வந்து சிரிக்க வைத்தார். 1959-இல் பீம்சிங் இயக்கிய ‘பாகப்பிரிவினை’யில் மனைவியின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட அண்ணன் வைத்திலிங்கமானார். தம்பியாக நடித்தவர் எஸ். வி. சுப்பையா. தீயவனாகப் பிறவாத ஒரு மனிதன், எதிர்த்துப் பேசும் துணிவின்மையால் குடும்பம் பிளவுபடக் காரணமாகிறான். வில்லனாக நடிப்பதிலும் அரிது இத்தகைய வேடம். கூட்டுக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் வேலையின் பொருட்டுப் பல ஊர்களிலும் காலனிகளிலும் சிதறிய நம்மவருக்கு வைத்திலிங்கம் அறிமுகமற்றவர் அல்லர்.

கேட்பதும் ஒரு நடிப்பே

பாலையாவின் புகழ் உச்சம் அடைந்தது 1964-க்கும் 1968-க்கும் இடைப்பட்ட காலத்தில் எனலாம். அப்போது அவர் ஐம்பதைக் கடந்துகொண்டிருந்தார்.

1964-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது. படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். பணம் தர மறுக்கும் தந்தை விஸ்வநாதனாகப் பாலையா. மகன் தந்தைக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைத் தமிழர் அனைவரும் அறிவர். அக்காட்சியில் பேசுபவர் நாகேஷ். பாலையா பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. ஆயினும் கொட்டகையில் எழுந்த சிரிப்பில் பாதிக்கு மேல் கேட்பவரின் முகத்தைப் பார்த்து எழுந்த சிரிப்பு. மகன் ஒலியெழுப்பும்போதெல்லாம் தந்தையின் கண்ணில் அச்சம் படிப்படியாக ஏறுகிறது. அந்த ஏற்றம் இல்லையேல் மகனின் பேச்சு வெறும் கூச்சலாக முடிந்திருக்கும். எதிரில் இருப்பவரை உயர்த்துவதற்காகத் தம் பங்கை அளந்து கொடுத்தார் பாலையா. இக்கதை தெலுங்கிலும் இந்தியிலும் பின்னர் கன்னடத்திலும் எடுக்கப்பட்டது. 1966-இல் வந்த இந்திப் படத்தில் மெஹமூத் மகனாகவும் ஓம் பிரகாஷ் தந்தையாகவும் நடித்தனர். மொழி மாறினும் அத்தந்தைக்குத் தேர்ந்த நடிகர் தேவைப்பட்டார் என்பதைக் காண்க.

1965-இல் ஏ. பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’. பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் வரும் விறகு விற்ற படலமே இதன் ஒரு பகுதி. பாண்டியன் அவைக்கு வந்து, தம்மை இசையில் வெல்ல ஆளுண்டோ என்று அறைகூவும் ஏமநாத பாகவதராகப் பாலையா தோன்றினார். பின்னணியில் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. அத்தகைய மேதையின் குரலுக்கு ஏற்ற வாயசைவும் கையசைவும் செருக்கும் காட்டுவது எளிய செயலன்று. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இது: ஏமநாதனின் ஆணவம் மெய்யாகத் தோன்றினால்தானே பாணபத்திரரின் அச்சம் மெய்யாகும்? அவர் அச்சம் மெய்யானால்தானே இறைவன் விறகு சுமந்து வரவேண்டிய தேவை பிறக்கும்? ஆண்டவன் வேடத்தில் சிவாஜி அடைந்த பெருமைக்குப் படிக்கட்டு அமைத்தவர் பாலையா.

1967-இல் கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ வந்தது. அடுத்த வீட்டுக்கு ஒரு நடிகை குடிவர, அவள்முன் செல்வராகக் காட்டிக்கொள்ள மூன்று மகன்களும் மருமகள்களும் கடனில் மூழ்க, வீட்டுப் பெரியவர் எதிராஜ் அவர்களைத் திருத்தும் கதை. அந்தப் பெரியவர் பாலையா. அடுத்த வீட்டு வானொலிப் பெட்டியைப் பார்த்துத் தாமும் தவணையில் வாங்கிய குடும்பங்கள் எந்தக் காலனியில் இல்லை! அடுத்த ஆண்டு இக்கதை இந்தியில் எடுக்கப்பட்டபோது அப்பெரியவராக நடித்தவர் பிருத்விராஜ் கபூர் என்றால், வேடத்தின் எடை விளங்கும்.

தவில் சொல்லும் செய்தி

1968-இல் கொத்தமங்கலம் சுப்புவின் புகழ்பெற்ற நாவல் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்ற பெயரிலேயே படமாயிற்று. சிவாஜி நாதசுர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரம், பத்மினி மோகனா, பாலையா தவில் வித்துவான் முத்துராக்கு. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இப்படத்துக்குக் கிடைத்தது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் திரையில் பக்கவாத்தியமாக நின்ற ஒருவருக்குப் பக்கவாத்தியக்காரர் வேடமே வந்து வாய்த்தது. முத்துராக்கு மதுவின் மயக்கத்தில் தடுமாறுவார்; முன்கோபியான சண்முகசுந்தரத்தோடு உழல்வார்; ஆனால் தவிலைத் தோளில் மாட்டி அமர்ந்துவிட்டால் பிசகமாட்டார். நாதசுரம் ஏறும் இடத்தில் தவில் அடங்குவதும், நாதசுரம் ஓயும் இடத்தில் தவில் எழுவதும் இசையின் இலக்கணம். அதுவே பாலையாவின் நடிப்பிலக்கணமும் ஆகும்.

ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இதனைக் காணும்போது நீலகிரி மலை ரயில் நினைவுக்கு வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் எஞ்சின் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று தள்ளுகிறது. முன்பெட்டியில் அமர்ந்து மலையழகைக் காண்போரின் கண்ணில் எஞ்சின் படுவதேயில்லை. வண்டி ஏறுவதோ அதனால்தான்.

நாம் செய்யத்தக்கது

பாலையா 1972-ஆம் ஆண்டு மறைந்தார். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-இல். ஆகவே சின்னத்திரையில் தம் படங்கள் வீடுதோறும் ஒளிர்ந்ததை அவர் காணவில்லை. அவருடைய மைந்தர் ஜூனியர் பாலையா, 1975-இல் வந்த ‘மேல்நாட்டு மருமகள்’ முதலாகத் தந்தையின் பெயரையே தாங்கிப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் குணசித்திர வேடங்களில் நடித்து, 2023-இல் மறைந்தார். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் அந்தத் திகில் கதைக் காட்சியைக் கண்டு சிரிக்கின்றனர். ‘இவர் யார்?’ என்று கேட்டால் நாகேஷ் பெயரைச் சொல்லுகின்றனர். எதிரில் அமர்ந்திருப்பவர் பெயரைச் சொல்லத் தயங்குகின்றனர். பெயர் தெரியாமல் ஒருவரை ரசிப்பது பாதி நன்றியே ஆகும்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அவற்றில் இறங்கி உழைத்தோரில் பலர் இன்று நம்மிடையே இல்லை. எஞ்சியிருக்கும் முதியோர் நினைவில் அவர்களோடு உழைத்தவர்களின் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. எந்தச் சுரங்கம், என்ன வேலை, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் சேர்க்கலாகாதா? ஆண்டு விழா நாடகத்தின் நடிகர் பட்டியலை மலரில் அச்சிடும்போது, திரை இழுத்தவர், ஒப்பனை செய்தவர், பின்னிருந்து வசனம் எடுத்துக் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்களையும் சேர்த்தே அச்சிடலாகாதா? சங்கத்தார் இதனை மனங்கொள்வராக.

பெயரெழுதும் அந்த ஏட்டுக்கு முன்மாதிரி வேண்டுமானால், ‘சதி லீலாவதி’யில் தொடங்கும் பாலையாவின் படவரிசை நம் கண்முன் இருக்கின்றது.