போக்ஸ்டன் கன்னியும் சுவரில் மறைந்த பேழையும்

இங்கிலாந்தின் தென்கீழ்க் கரையிலே, பிரெஞ்சு நாட்டை எதிர்நோக்கியிருப்பது கெண்ட் மாகாணம். அதன் கடற்கரைப் பட்டணங்களுள் ஒன்றாகிய போக்ஸ்டனில், கடலுக்கு மேலே உயர்ந்த நிலத்தில் ஒரு பழைய தேவாலயம் உளது. மரியன்னை – ஈன்சுவித் ஆலயம் என்பது அதன் பெயர். முதற் பெயரை அறியாதார் அரியர். இரண்டாம் பெயரை அவ்வூருக்கு வெளியே அறிந்தாரோ மிகச் சிலர். அச்சிலருள்ளும் பலர், இவள் மெய்யாகவே வாழ்ந்தவளோ, அன்றிக் கதையிலே பிறந்தவளோ என ஐயுற்று வந்தனர். 2020-ஆம் ஆண்டில் அவ்வையம் பெரும்பாலும் தீர்ந்தது. தீர்ந்த விதம் நேயர்கள் அறியத் தக்கதொன்று.

ஈன்சுவித் அரச குலத்தவள். கி.பி. 597-இல் ரோமாபுரியிலிருந்து வந்த அகஸ்டின் என்னும் துறவியை வரவேற்றுக் கிறிஸ்து மதத்தைத் தழுவிய கெண்ட் மன்னன் எதெல்பெர்ட்டின் பேர்த்தி. அவள் தந்தை எட்பால்டு, 616-இல் அரியணை ஏறியபொழுது தகப்பன் தழுவிய மதத்தை உதறினான். தகப்பனின் கைம்பெண்ணையே, அஃதாவது தன் சிற்றன்னையையே, மணந்துகொண்டான். பின்னர் மனம் மாறி அவளை நீக்கி ஞானஸ்நானம் பெற்றான். ஆகவே ஈன்சுவித் பிறந்த வீட்டில் புதிய மதம் இன்னும் வேரூன்றாத இளங்கன்றாகவே இருந்தது.

அக்காலத்தில் அரசிளங்குமரிகளின் நிலை யாது? நாடும் நாடும் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கு இட்ட முத்திரை போன்றவர்கள் அவர்கள். ஈன்சுவித்தின் அத்தையாகிய எதெல்பர்கா, வடக்கே நார்தம்பிரியாவை ஆண்ட எட்வின் என்னும் அரசனுக்குக் கொடுக்கப்பட்டாள். அவன் அப்போது கிறிஸ்தவனல்லன். 633-இல் அவன் போர்க்களத்தில் மாண்டான். மக்களைக் கூட்டிக்கொண்டு அவள் கடல்வழியே தாய்நாடு திரும்பினாள். இத்தகைய வீட்டிலே வளர்ந்த ஒரு பெண் ‘எனக்கு விவாகம் வேண்டா’ என்று சொல்வது சிறு காரியமன்று. ஈன்சுவித் சொன்னாள் என்றும், தந்தை இசைந்து போக்ஸ்டனில் ஒரு கன்னியர் மடம் எடுப்பித்துக் கொடுத்தான் என்றும் பழைய வரலாறு கூறும்.

இவ்விடத்தில்தான் கதைகள் வந்து மொய்க்கின்றன. வடநாட்டு மன்னன் ஒருவன் பெண் கேட்டு வந்தானாம். மடம் கட்டும் வேலையில் ஓர் உத்தரம் நீளங் குறைந்து கிடந்தது. ‘உன் தெய்வங்களை வேண்டி இதை நீட்டு, நீட்டினால் மணப்பேன்’ என்றாளாம். அவன் வேண்டியும் அது நீளவில்லை. அவள் வேண்ட நீண்டதாம். மரத்தை நீட்டும் இவ்வற்புதம் அவளுக்கென்றே பிறந்ததன்று. குழந்தை இயேசு தம் வளர்ப்புத் தந்தையின் தச்சுப் பட்டறையில் செய்ததாகத் திருச்சபை ஏற்காத மிகப் பழைய நூலொன்றிலும் இது வருகிறது. ஈன்சுவித்தின் சரிதம் நமக்கு விரிவாகக் கிடைப்பதோ அவள் இறந்து எழுநூறு ஆண்டுக்குப் பின், பதினான்காம் நூற்றாண்டில். ஆங்கிலேயரின் ஆதி சரித்திராசிரியராகிய பீட் 731-இல் முடித்த பெருநூலில் அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஐயமுற்றவர்களை நாம் குறைகூற மாட்டோம்.

நீரைப் பற்றிய கதை வேறு வகையது. மடத்தில் நீரில்லை. ஈன்சுவித் தன் கோலால் வழி காட்ட, தொலைவிலுள்ள குன்றின் அடியிலிருந்து ஊற்று நீர் மேட்டை நோக்கி ஏறி வந்ததாம். நீர் மேட்டில் ஏறாது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆயினும் போக்ஸ்டனில் அவள் பெயரால் வழங்கிய கால்வாய் மெய்யாகவே இருந்தது. குன்றடி ஊற்றிலிருந்து பழைய ஊர்ப்பகுதிக்கு நீர் கொணர்ந்தது. சரிவை ஒட்டி மட்டம் பார்த்து மெல்லிய சாய்வில் வெட்டிய வாய்க்கால், சுற்றிலும் நிலம் வேகமாகத் தாழும் இடங்களில், கண்ணுக்கு மேலேறுவது போலத் தோன்றும். தோட்டத்து மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டுவதைக் கண்ட நமக்கு இதில் வியப்பில்லை. மண்வெட்டி பிடித்தவன் பெயர் மறைந்தது. கோல் பிடித்தவள் பெயர் நின்றது. இஃது எந்நாட்டுக்கும் பொது.

நிற்க. அவள் எழுப்பிய மடம் இன்று இல்லை. செங்குத்தான கடற்கரையைக் கடல் அரித்து அரித்து, அது நின்ற நிலத்தையே கொண்டுபோயிற்று. நார்மானியர் காலத்தில், 1095-இல், ஆடவர் துறவியர் இல்லம் ஒன்று அங்கு ஏற்பட்டது. அதற்கும் கடலால் ஆபத்து வரவே, உள்ளே தள்ளிப் புதிய ஆலயம் எடுத்து, 1138 செப்டம்பர் 12-இல் ஈன்சுவித்தின் எலும்புகளை அங்கே கொண்டுவந்து வைத்தனர். இன்றும் அவள் திருநாள் அதுவே. இப்பொழுதுள்ள ஆலயத்தின் பலிபீடப் பகுதி பதின்மூன்றாம் நூற்றாண்டினது. 1705-இல் ஒரு புயல் மேற்குப் பாகத்தை வீழ்த்தியது.

எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைக்கத் தொடங்கியபொழுது, 1535-இல் போக்ஸ்டன் மடமும் மூடப்பட்டது. 1538-இல் அருகிலுள்ள காந்தர்பரியில் தாமஸ் பெக்கெட்டின் புகழ்பெற்ற சமாதியே தகர்க்கப்பட்டதெனின், ஒரு சிற்றூர்க் கன்னியின் எலும்புக்கு என்ன காவல்? ஆனால் காவல் இருந்தது. யாரோ சிலர் ஈயப் பேழையொன்றில் அவற்றை இட்டு, பலிபீடத்தருகே வடசுவரின் உள்ளே வைத்துப் பூசிவிட்டனர். பிடிபட்டால் என்ன நேருமென்று அறிந்தும் செய்த காரியம் இது. எலும்பை வணங்குவதில் நமக்கு ஈடுபாடு இல்லை; ஆயினும், அரசாணைக்கு அஞ்சாமல் கல்லும் சுண்ணாம்பும் குழைத்த அக்கைகளை அவமதிக்கவும் மனமில்லை.

பேழை 1885 ஜூன் மாதத்தில் வெளிப்பட்டது. பழைய பூச்சைப் பெயர்த்த வேலையாட்கள் அதைக் கண்டெடுத்தனர். அப்போதைய குருவாகிய உட்வர்டு அதை அந்தச் சுவரிலேயே பித்தளைக் கதவிட்டு வைத்தார். அது அவளுடையதே என்று பக்தர்கள் சொன்னார்கள். வேறு எவருடையதாகவும் இருக்கலாம் என்று மற்றையோர் சொன்னார்கள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்கு அப்படியே கிடந்தது.

அதே ஆலயத்தின் மேற்குச் சாளரம் ஒரு விஞ்ஞானியின் நினைவுக்கு உரியது. குருதி உடலெங்கும் சுற்றி ஓடுகிறது என்பதை 1628-இல் நூலெழுதி நிலைநாட்டிய வில்லியம் ஹார்வி 1578-இல் இவ்வூரிலே பிறந்தவர். முன்னோர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்பாமல், இதயம் வெளித்தள்ளும் குருதியைக் கணக்கிட்டுப் பார்த்தவர். அவர் ஊர்க்காரர் இப்பேழையையும் கணக்கிட்டே பார்த்தனர் எனலாம். 2020 ஜனவரியில் அறிஞர்கள் எலும்புகளை ஆலயத்துக்குள்ளேயே பரப்பிவைத்து ஆராய்ந்தனர். ஓர் ஆளின் எலும்புகளே அவை, பெண், வயது ஏறத்தாழ 17 முதல் 21 வரை, பசியால் வாடிய அடையாளம் மிகக் குறைவு. பல்லிலும் எலும்பிலும் எடுத்த துணுக்குகளைப் பெல்பாஸ்ட் நகர்ச் சர்வகலாசாலையில் கரிமக் கதிர் முறையால் சோதித்ததில், அவள் இறந்தது ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி எனத் தெரிந்தது. மார்ச்சு மாதம் முடிவு வெளியாயிற்று. அவ்விடத்தில், அக்காலத்தில், அவ்வயதில் இறந்து, அத்தனை பேணிக் காக்கப்பட்ட வேறொரு பெண்ணைக் காட்டுவது அரிது.

பக்தர் வென்றார் என்று இதைக் கொண்டாடுவோர் கணக்கின் மறுபாதியையும் பார்த்தல் வேண்டும். மடம் 630-ஆம் ஆண்டளவில் ஏற்பட்டது, அதுவே இங்கிலாந்தின் முதற் கன்னியர் மடம் என்பது நெடுநாளைய பெருமை. 650-இல் 21 வயதில் இறந்தவள் 630-இல் ஒரு வயதுக் குழந்தை! தந்தை எட்பால்டு மாண்ட 640-ஐயே இவள் முடிவாகக் கொண்டாலும், 630-இல் பதினொரு வயதுதான். எழுத்து வேலை பார்க்கும் எவனும் இந்தப் பேரேட்டில் கையொப்பமிடான். மடம் பிற்பட்டதே என்பது நம் துணிபு. அவ்வாறாயின், கைம்பெண்ணாகத் திரும்பிய அத்தை எதெல்பர்கா சில மைல் தொலைவிலுள்ள லிமிஞ்சில் கண்ட மடமே முந்தியதாதல் கூடும். அவளைப் போர் துரத்திற்று. மருமகளோ திருமணத்துக்கு முன்னரே வேறு வழி கண்டுகொண்டாள்.

ஈன்சுவித்தின் சகோதரன் எர்க்கன்பெர்ட்டின் மகள் எர்க்கன்கோட்டா துறவு பூண விரும்பிக் கடல் கடந்து பிரெஞ்சு நாட்டு மடமொன்றுக்குச் சென்றாள். ஆங்கில நாட்டில் அக்காலம் மடங்கள் மிகச் சிலவே இருந்தன என்று பீட் அதற்குக் காரணமும் காட்டுகிறார். கடல் கடந்தவளுக்கு அவர் பல வரிகள் ஒதுக்கினார். சொந்த ஊரிலே, இருபது வயதை ஒட்டிய பருவத்திலே, அச்சிலவற்றுள் ஒன்றை நடத்தியவளுக்கு அவர் நூலில் ஒரு வரியும் இல்லை. போக்ஸ்டன் ஆலயத்துச் சுவரில் ஒரு பிறைதான் இருக்கிறது.