தோற்ற நாட்டின் கடனும் தோட்டத்து மக்களின் கணக்கும்

1951-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோ நகரில், இசை நாடகம் ஆடுவதற்கெனக் கட்டப்பெற்ற மண்டபம் ஒன்றில் 52 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். ஜப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்துகொள்வதே கூட்டத்தின் நோக்கம். ஐந்தாம் நாள் 49 நாடுகள் கையொப்பமிட்டன. சோவியத் ரஷ்யாவும் போலந்தும் செக்கோஸ்லோவேகியாவும் மறுத்துவிட்டன. நாடக மண்டபம் பொருத்தமான இடமே என்போம். ஏனெனில் வசனம் முழுவதும் முன்னதாகவே எழுதி முடிந்திருந்தது. வந்தவர்கள் பேசலாம், கையொப்பமிடலாம். ஒரு சொல்லையேனும் திருத்த மகாநாட்டு விதிகளில் இடமில்லை.

அவ்வசனத்தை எழுதியவருள் முதல்வர் ஜான் பாஸ்டர் டல்லஸ் என்னும் அமெரிக்க வழக்கறிஞர். முதல் உலக யுத்தத்தின் முடிவில், 1919-ல், பாரிஸ் நகரில் ஜெர்மனியின் நஷ்ட ஈட்டைப் பற்றி வல்லரசுகள் வாதாடியபோது, 31 வயது இளைஞராக அங்கு அமெரிக்கத் தரப்பில் பணியாற்றியவர் அவர். 1921-ல் 13,200 கோடிப் பொன் மார்க் ஜெர்மனியின் தலையில் சுமத்தப்பட்டதையும், பின்னர் அங்கு ஹிட்லர் தோன்றியதையும் கண்டவர். அதே பிழையை ஜப்பானில் செய்யலாகாது என்பது அவர் வாதம். இது வெறும் கருணையன்று. 1949-ல் சீனம் பொதுவுடைமைக் கட்சியின் கைக்குப் போயிற்று. 1950 ஜூன் மாதம் கொரியாவில் போர் மூண்டது. ஜப்பானை நேற்றைய பகைவனாக அன்றி நாளைய துணைவனாக அமெரிக்கா எண்ணத் தலைப்பட்டது. துணைவனிடம் கடன் வசூலிப்பார் உண்டோ?

டல்லஸ் மகாநாட்டுக்கு முன்பே டோக்கியோ, மணிலா, கான்பெரா எனத் தலைநகர் தலைநகராகச் சென்று தனித்தனியே பேசி முடித்தார். எட்டு ஆண்டுகள் ஜப்பானியருடன் போரிட்ட சீனத்துக்கு அழைப்பு இல்லை. எந்தச் சீன அரசாங்கத்தை அழைப்பது என்பதில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒத்துப்போகவில்லை. ஆகவே இரண்டையும் விட்டுவிட்டனர். கொரியாவுக்கும் ஆசனம் கிடைக்கவில்லை. ஜப்பானியச் சிப்பாயைக் கண்ணாலும் கண்டிராத மத்திய அமெரிக்க நாடுகள் பல அங்கு அமர்ந்து கையொப்பமிட்டன.

உடன்படிக்கையின் 14-ஆம் விதி நமக்கு முக்கியமானது. ஜப்பான் நஷ்ட ஈடு தரவேண்டியதே என்று அது முதலில் ஒப்புக்கொள்கிறது. முழுவதும் தருதற்கு அதனிடம் வளமில்லை என்று அடுத்த மூச்சில் கூறுகிறது. ஜப்பானியர் கைப்பற்றி அழித்த நாடுகள் விரும்பினால், ஜப்பானியத் தொழிலாளரின் உழைப்பையும் திறமையையும் ஈடாகப் பெறுவது பற்றி ஜப்பானுடன் பேசிக்கொள்ளலாம். இவற்றுக்குப் புறம்பான கோரிக்கைகளை நேச நாடுகள் தமக்காகவும் தம் குடிகளுக்காகவும் கைவிடுகின்றன.

"தம் குடிகளுக்காகவும்" என்பதை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும்.

800 கோடி டாலர் கேட்ட பிலிப்பைன்ஸ் கையொப்பமிட்டது. ஆனால், ஈடு எவ்வளவென்று முடிவாகும்வரை உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்யவில்லை. 1956-ல் 55 கோடி டாலர் மதிப்புள்ள பொருளும் உழைப்பும் தருவதாக ஜப்பான் இணங்கிய பின்னரே உறுதி செய்தது. மகாநாட்டுக்கே செல்லாத பர்மா, 1954-ல் தனியே பேசி 20 கோடி டாலர் ஈடு பெற்றது. இதற்கு முந்திய ஓர் உதாரணமும் உண்டு. 1947 பிப்ரவரி 10-ல் பாரிஸில் இத்தாலியுடன் செய்த உடன்படிக்கையில் 36 கோடி டாலர் நஷ்ட ஈடு விதிக்கப்பட்டது. அதில் எத்தியோப்பியாவின் பங்கு இரண்டரைக் கோடி. முசோலினியின் படையிடம் சிக்கிச் சீரழிந்த அந்த ஆப்பிரிக்க நாடு, சுதந்திர நாடாகத் தன் பெயரால் அமர்ந்து அதனைப் பெற்றது.

ஈட்டை வேண்டாமென்று மனமுவந்து கூறியவர்களும் உளர். இலங்கையின் பிரதிநிதி ஜெயவர்த்தனா செப்டம்பர் 6-ல் பேசுகையில், தம் நாடு குண்டுவீச்சுக்கு ஆளானதையும், நேச நாடுகளின் ரப்பர்த் தேவைக்காக மரங்கள் பட்டுப்போகுமளவுக்குக் கண்மண் தெரியாது பால் வெட்டப்பட்டதையும் சொல்லி, ஆயினும் ஈடு கேட்கமாட்டோம் என்று புத்தர் பெருமானின் வாக்கை நினைவூட்டி முடித்தார். மரம் வெட்டும் நம் தோழர்களுக்கு அந்நஷ்டம் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தியா மகாநாட்டுக்கே செல்லவில்லை. ஜப்பானில் அந்நியத் துருப்புகள் நீடிப்பதையும் ரியூக்யூத் தீவுகள் அமெரிக்கா வசம் இருப்பதையும் நேருவின் அரசாங்கம் ஒப்பவில்லை. 1952 ஜூன் 9-ல் டோக்கியோவில் தனி உடன்படிக்கை செய்து, தனக்கும் தன் குடிகளுக்கும் உரிய கோரிக்கைகள் யாவற்றையும் விட்டுக்கொடுத்தது. வீழ்ந்தவனை மிதிக்காத பெருந்தன்மையை நாம் குறை கூறோம். பசித்த ஜப்பானியத் தொழிலாளியின் வயிற்றில் அடித்து எவரும் வாழ வேண்டா. ஆனால் தானம் கொடுத்தவர் ஒருவர், பொருளுக்கு உரியவர் வேறொருவர் என்பதை மறைக்க முடியுமா?

மலாயாவும் சிங்கப்பூரும் அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்தன. அவற்றுக்குச் சான்பிரான்சிஸ்கோவில் ஆசனம் ஏது? பிரிட்டனே கையொப்பமிட்டது. மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியர் வசமிருந்த நிலம் இது. 14-ஆம் விதிப்படி இதற்காக உழைப்பு ஈடு கேட்டிருக்கலாம், பிரிட்டன் கேட்கவில்லை.

இங்கே சயாம் மரண ரயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. சயாமையும் பர்மாவையும் இணைத்து, 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் பிளந்து, 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட பாதை அது. அதில் வேலை செய்த நேசப் படைக் கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். மாண்டவர் சுமார் 12,000. மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைப் பல்லாயிரக் கணக்கில் வாரிக்கொண்டு போயின. கைதிகளுக்காவது உடன் படை மருத்துவர் இருந்தனர். பெயர்ப் பதிவேடு இருந்தது. லயத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவனுக்கு இரண்டும் இல்லை.

உடன்படிக்கையின் 16-ஆம் விதி இவ்வேற்றுமையை எழுத்தில் நிலைநாட்டியது. நடுநிலை நாடுகளில் ஜப்பானுக்கிருந்த சொத்துக்களைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைத்து, துன்புற்ற போர்க் கைதிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பங்கிடுக என்கிறது அது. படைவீரர் என்று அவ்விதி வரையறுக்கிறது. பிரிட்டிஷ் கைதி ஒருவர் மொத்தத்தில் பெற்றது 76 பவுன் சொச்சம். பட்ட பாட்டுக்கு அது அற்பமே. ஆனால் அதே தண்டவாளத்துக்கு அதே கல்லைச் சுமந்த தமிழ்த் தொழிலாளி படைவீரனல்லன். அவனுக்கு அச்சிறு தொகையும் இல்லை. ரயில் பாதையைப் பிரிட்டன் யுத்தத்துக்குப் பின் சயாமுக்கு விற்றது. காஞ்சனபுரியின் போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 படைவீரர் கிடக்கின்றனர்; நம்மவர் அங்கே இல்லை.

பேச்சு பின்னர் ஒருமுறை உயிர் பெற்றது. 1962-ல் சிங்கப்பூரின் சிக்லாப் பகுதியில், ஜப்பானியரால் கொல்லப்பட்ட சீனரின் எலும்புகள் குழிகுழியாக வெளிப்பட்டன. 1963 ஆகஸ்ட் 25-ல் நகர மண்டபத்தின் முன் லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் திரண்டு 'இரத்தக் கடன்' கேட்டனர். பிரிட்டன் கையொப்பமிட்டதோடு கணக்குத் தீர்ந்தது என்றது ஜப்பான். மக்கள் விடவில்லை. முடிவில் சிங்கப்பூருக்கு 5 கோடி வெள்ளி கிடைத்தது. பாதி நன்கொடை, பாதி கடன். நஷ்ட ஈடு என்ற சொல் தவிர்க்கப்பட்டது. மாண்டோரின் எலும்புகளின்மேல் எழுப்பிய நினைவுத் தூண்கள் நான்கும் 1967 பிப்ரவரி 15-ல் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இந்தியருக்கு உரியது.

மலேசியா 1967 செப்டம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 2½ கோடி வெள்ளி மதிப்புள்ள உதவி பெற்றது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. யுத்த காலத் துயரங்களால் எழுந்த பிரச்சினைகள் யாவும் இத்துடன் முற்றத் தீர்ந்தன என்று இரு அரசாங்கங்களும் எழுதிக் கையொப்பமிட்டன. சயாமுக்குச் சென்று திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கென்று அதில் தனித்தொகை ஏதும் குறிக்கப்படவில்லை.