காற்றாலைகளில் திறன் காரணித் திருத்தமும் கேட் துடிப்பு ஒத்திசைவும்

காற்றாலை மின்தொகுப்பிலிருந்து இழுக்கும் ரியாக்டிவ் பவரைக் காற்றாலையின் அடியிலேயே ஈடுகட்டுவது திறன் காரணித் திருத்தம். தைரிஸ்டர், ஐஜிபிடி ஆகிய மின்னணு ஸ்விட்சுகளின் கேட் முனைக்குப் போகும் துடிப்புகள் மின்னழுத்த அலையோடும் தமக்குள்ளும் நேரம் பிசகாமல் இருப்பது கேட் துடிப்பு ஒத்திசைவு. இரண்டுக்கும் உரிய கருவிகள் பெரும்பாலும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதனால் ஒன்றின் கோளாறு மற்றொன்றின் தலையில் ஏற்றப்படுகிறது.

தென் தமிழகத்தில் ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளுக்குச் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று உயிர். அதே காற்று கயத்தாறு வரை வீசுகிறது. அங்கே தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. தெற்கே முப்பந்தலுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய். தமிழகத்தில் இந்தத் தொழில் 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிப் பண்ணையாகத் தொடங்கியது. 1990களில் தனியார் முதலீடு பெருகியபோது வந்தவற்றுள் பல 225, 250 கிலோவாட் தூண்டல் ஜெனரேட்டர் கொண்டவை.

தூண்டல் ஜெனரேட்டருக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது. அதை உண்டாக்கத் தேவையான ரியாக்டிவ் பவரை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். மாறாக, பாபநாசம் நீர்மின் நிலையம் போன்றவற்றின் ஒத்தியங்கு ஜெனரேட்டர்கள் புலமின்னோட்டத்தைக் கூட்டி ரியாக்டிவ் பவரைத் தாமே தரவல்லவை. 250 கிலோவாட் காற்றாலை 0.87 திறன் காரணியில் ஓடினால் சுமார் 142 கிலோவார் ரியாக்டிவ் பவரை இழுக்கும். அதை 0.98க்கு உயர்த்த ஏறத்தாழ 90 கிலோவார் கெப்பாசிட்டர் வேண்டும். கெப்பாசிட்டர் தரும் அளவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தம் பத்து விழுக்காடு இறங்கினால் அதன் பங்களிப்பு 81 விழுக்காடாகிவிடும். நீண்ட மின்பாதையின் கடைசியில் நிற்கும் காற்றாலை, உதவி மிகத் தேவைப்படும் நேரத்தில்தான் அதைக் குறைவாகப் பெறுகிறது.

ஜெனரேட்டரை நேரடியாக மின்தொகுப்பில் சேர்த்தால் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஆறேழு மடங்கு பாயும். அதைத் தடுக்க ஒவ்வொரு ஃபேஸிலும் எதிரெதிராக இணைத்த ஒரு ஜோடி தைரிஸ்டர் உண்டு. இதுவே சாஃப்ட் ஸ்டார்ட்டர். நான்கு துருவ ஜெனரேட்டரின் வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்றை எட்டியதும் தைரிஸ்டர்கள் முதலில் அரை அலையின் கடைசிப் பகுதியில் மட்டும் திறக்கும். பிறகு திறப்பு நேரம் படிப்படியாக முன்னுக்கு வரும். முழுமையாகத் திறந்தபின் பைபாஸ் காண்டாக்டர் மூடும். கெப்பாசிட்டர்கள் அதற்கு அடுத்துத்தான் சேர வேண்டும்.

எப்போது திறப்பது என்பதற்கு மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணமே அளவுகோல். ஒத்திசைவுக் கோளாறு பெரும்பாலும் இங்கே பிறக்கிறது. அலையில் இரைச்சல் இருக்கிறதென்று சிக்னல் வழியில் ஆர்சி வடிகட்டி போடுகிறார்கள். அது ஒரு மில்லிசெகண்ட் தாமதித்தால் 50 ஹெர்ட்ஸில் 18 பாகை தள்ளிப்போகிறது. சின்ன ஒத்திசைவு டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும்போது ஃபேஸ் வரிசை புரண்டால், துடிப்புகள் சரியான வடிவில் இருந்தும் தவறான ஃபேஸுக்குப் போகும். இன்னொன்று கண்ணுக்குச் சட்டென்று படாது. தூண்டல் சுமையில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கும். எதிர்த் தைரிஸ்டரில் மின்னோட்டம் ஓயுமுன் குறுந்துடிப்பு வந்துபோனால் அது வீண். ஒரு தைரிஸ்டர் மட்டும் கடத்த, நேர்மின்னோட்டக் கூறு ஜெனரேட்டருக்குள் புகும். கோபுரத்தடியில் நிற்பவருக்குக் கனத்த உறுமல் கேட்கும், ஃபியூஸ் போகும். இதற்குத் தீர்வு ஒற்றைத் துடிப்பை விட்டுத் தொடர்துடிப்பு கொடுப்பது. துடிப்பை நீட்டினால் பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் செறிந்துவிடும் என்பதால்தான் அதைத் துண்டு துண்டாக அனுப்புகிறார்கள்.

கோளாறைத் தேடும்போது மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தையும் கிளாம்ப் வைத்து ஒருசேரப் பார்ப்பது முதல் வேலை. ஒன்றில் அரை அலை காணவில்லையென்றால் அந்த ஃபேஸின் கேட் துடிப்பைப் பார்க்க வேண்டும். தைரிஸ்டரின் கேத்தோடு மின்பாதையின் மின்னழுத்தத்திலேயே இருப்பதால், சாதாரண ஆசிலாஸ்கோப் ப்ரோபின் தரைமுனையை அங்கே மாட்டுவது உயிராபத்து. தனிமைப்படுத்திய டிஃபரென்ஷியல் ப்ரோப் கட்டாயம். துடிப்பு வந்தும் தைரிஸ்டர் திறக்காவிட்டால்தான் அதைச் சந்தேகிக்கலாம். துடிப்பே வராதபோது புதுத் தைரிஸ்டர் மாற்றுவது பணத்தையும் நல்ல காற்று நாளையும் சேர்த்து வீணாக்கும்.

கெப்பாசிட்டர்களைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பமும் ஹார்மோனிக் மின்னோட்டமும். ஏழு விழுக்காடு ரியாக்டரைத் தொடராகச் சேர்த்தால் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஐந்தாம் ஹார்மோனிக்கான 250 ஹெர்ட்ஸிலிருந்து விலகிவிடும். கெப்பாசிட்டரை அளவுக்கு மீறிப் போடுவதும் தவறு. மின்பாதை திடீரென அறுந்தால் ஜெனரேட்டர் அந்தக் கெப்பாசிட்டரையே பற்றிக்கொண்டு தானே கிளர்ந்து மின்னழுத்தத்தை ஏற்றிவிடும்.

பின்னாளில் வந்த பெரிய காற்றாலைகளில் ஐஜிபிடி கன்வெர்ட்டர்களே ரியாக்டிவ் பவரைக் கவனிக்கின்றன. அவற்றில் சில, இரண்டு தொகுதிகளை இணையாக வைத்து ஒன்றின் ஸ்விட்சிங் நேரத்தை மற்றதிலிருந்து அரைச் சுழற்சி தள்ளி இயக்குகின்றன. யூபிஎஸ், வாகன சார்ஜர் ஆகியவற்றின் இன்டர்லீவ்டு திறன் காரணிச் சுற்றும் இதே முறைதான். திறந்திருக்கும் நேரம் சரிபாதியாக இருக்கையில் இரண்டின் சிற்றலைகளும் ஒன்றையொன்று முழுக்க அழித்துக்கொள்ளும். அந்த 180 பாகை பிசகினால் சிற்றலை மீளும். இணைத் தொகுதிகளுக்கிடையே சுற்று மின்னோட்டமும் ஓடக்கூடும். இரண்டு கேட்டுகளின் துடிப்பையும் ஒரே திரையில் வைத்து இடைவெளியை அளந்தால் பிசகு தெரிந்துவிடும். டிரைவர்களின் தாமதம் வேறுபடுவதும், டிரைவருக்கான மின்னூட்டம் தாழ்வதும், ஒளியிழை இணைப்பில் தூசு படிவதும் வழக்கமான காரணங்கள். சாரல் காலத்தில் பெட்டிக்குள் ஈரம் படிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2006 மே மாத ஆணை, காற்றாலை இழுக்கும் ரியாக்டிவ் பவர் அது தரும் மின்சாரத்தில் பத்து விழுக்காடு வரை இருந்தால் ஒரு கிலோவார்-மணிக்கு 25 பைசா என்றும், அதற்கு மேல் போனால் 50 பைசா என்றும் நிர்ணயித்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம், புதிதாக இணையும் காற்றாலைகள் திறன் காரணியை முந்து 0.95 முதல் பிந்து 0.95 வரை தாமே நிலைநிறுத்த வேண்டும் என்றது. 2013 டிசம்பர் 31இல் தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒத்திசைந்தது. அதனால் மின்தொகுப்பு வலுப்பெற்றாலும் பழைய சாஃப்ட் ஸ்டார்ட்டர்களின் நேரக் கோளாறு தானாகத் தீர்ந்துவிடாது. பராமரிப்பில் இருப்பவர்கள் பங்குனி, சித்திரையில் காற்று தணிந்திருக்கும்போதே ஒவ்வொரு காற்றாலையின் கேட் துடிப்பையும் மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தையும் பதிவுசெய்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனியில் கோளாறு வரும்போது ஒப்பிட அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.