கிளினிக்கல் பார்மசி சேவை, புனே

வார்டில் இருக்கும் நோயாளியின் மருந்துச் சீட்டை நாள்தோறும் சரிபார்த்து, மருத்துவருக்கு ஆலோசனை கூறும் மருந்தாளுநர் பணி. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பியைச் சேர்த்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும்; இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை உடனே பார்க்கும்படி நோயாளியின் கோப்பில் குறிப்பெழுதுவது இவர் வேலை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது.

இப்பணிக்கு மாணவரைத் தயார்செய்யும் ஆறாண்டு பார்ம்.டி. படிப்புக்கான விதிகள் இந்தியாவில் 2008இல் வந்தன. புனேயில் 1981இல் தொடங்கிய பாரதி வித்யாபீடத்தின் பூனா பார்மசி கல்லூரி இப்படிப்பை நடத்துகிறது. பாரதி மருத்துவமனை அதன் பயிற்சிக் களம். நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை 2015ஆம் ஆண்டின் பார்மசி தொழில் விதிமுறைகள் மருந்தாளுநரின் கடமையாக்கின. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்றிதழ் வழங்கும் என்.ஏ.பி.எச். அமைப்பின் தரநிலைகளில் மருந்து மேலாண்மைக்குத் தனி அத்தியாயமே உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் மருத்துவமனை விரும்பினால் பெறுவதுதான். கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைகளில் மாணவர் பலத்தால் இச்சேவை நடக்கிறது. சிறிய நர்சிங் ஹோம்களிலோ பார்மசி என்றால் பெரும்பாலும் மருந்துக் கடைதான். கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்ற பதவி அந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில் இடம்பெற்றதே 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.