கர்ப்பத்தடையிலிருந்து கருக்குழாய் அறுவைக்கு: விருத்தாசலம் வட்டாரத்தை முன்வைத்து

1930இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். சென்னையில் அதற்கு முன்பே கருத்தடையைப் பரப்பிய நியோ மால்தூசியன் சங்கம் இயங்கிவந்தது. தாயின் உடல்நலம், குடும்ப வறுமை, நாட்டின் மக்கள்தொகை என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, பெண் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார் பெரியார். பின்னாளில் அரசு கையில் எடுத்தது மற்றவர்கள் சொன்ன காரணத்தைத்தான். அதன் விளைவை இன்றும் பெண்கள் உடம்பில் சுமக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி சென்னை மாநிலத்தில் அறுவைச் சிகிச்சையை வலியுறுத்தினார். 1950களின் பிற்பகுதியில் இங்கே பணம் கொடுத்துச் செய்யப்பட்ட அறுவைகளில் பெரும்பாலானவை ஆண்களுக்கான வாசக்டமிதான். 1965இல் பெண்களுக்குக் கருப்பைக்குள் பொருத்தும் லூப் வந்தது. இரத்தப்போக்கு என்று திரும்பி வந்தவர்களைப் போதிய அளவில் கவனிக்க ஆளில்லாததால் அதன்மேல் இருந்த நம்பிக்கை சீக்கிரமே கரைந்தது.

திருப்பம் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. 1976–77இல் மட்டும் நாடு முழுவதும் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றில் முக்கால்வாசி ஆண்களுக்கு. கட்டாய அறுவை கிளப்பிய கோபத்தால் 1977 தேர்தலுக்குப் பிறகு அரசுகள் ஆண்களிடம் போகத் தயங்கின. அறுவை இலக்கு நீடித்தது, ஆள் மட்டும் மாறினார். பிரசவத்துக்கு மருத்துவமனை வரும் பெண்ணிடம், அங்கேயே, அப்போதே ஆபரேஷன் என்ற வழக்கம் உறுதிப்பட்டது.

1980களின் இறுதியில் தமிழகத் தலைமைச் செயலாளர் டி.வி. ஆண்டனி இத்திட்டத்துக்குத் தனி வேகம் கொடுத்தார். கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போனார். 1990களில் தமிழகத்தின் கருவள விகிதம், பெண்ணுக்குச் சுமார் இரண்டு குழந்தை என்ற பதிலீட்டு அளவுக்கு இறங்கியது. இதைச் சாதனை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: தமிழகத்தில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நாட்டளவில் நகரத்தில் ஆணுறை போன்ற இடைவெளி முறைகள் கூடுதல், கிராமத்தில் அறுவையே முதன்மை.

விருத்தாசலத்தில் நகரம், கிராமம் என்ற இவ்விரு உலகமும் ஒட்டியே கிடக்கின்றன. பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் கூழை அச்சில் ஊற்றி, காய்ந்த பொம்மையைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குக் கொண்டுபோகும் வேலையில் பெண்கள் இருக்கிறார்கள். ஊரைத் தாண்டினால் முந்திரியும் நிலக்கடலையும். இரண்டுமே குனிந்து நிமிர்ந்து சுமை தூக்கும் வேலை. அறுவைக்குப் பின் கனம் தூக்காதே என்கிறார் மருத்துவர். அந்த நாட்களுக்குக் கூலி யார் தருவது? தினக்கூலிப் பெண்ணுக்கு இதுவே முதல் கேள்வி.

இத்தனைக்கும் எளிய வழி ஆணுக்கே உண்டு. 1974இல் சீனாவில் லி ஷுன்சியாங் உருவாக்கிய கத்தியில்லா வாசக்டமிக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சில நிமிடங்களில் முடியும், அன்றே வீடு திரும்பலாம். மூன்று மாதம் மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும். பெண்ணுக்கும் அறுவை ஒன்றே வழியல்ல. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி பொருத்தலாம். 2017 முதல் ‘அந்தரா’ கருத்தடை ஊசியும், லக்னோ ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட ‘சாயா’ மாத்திரையும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தன.

இலக்குகளை மத்திய அரசு 1996லேயே கைவிட்டுவிட்டது. ஆகவே கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் பெண் வரும்போதே கணவனையும் கூட உட்காரவைத்து எல்லா முறைகளையும் விளக்குங்கள். பிரசவ வலிக்கு நடுவில் கையெழுத்துக் கேட்காதீர்கள். விருத்தாசலத்துச் செவிலியர்களிடமும் மருத்துவர்களிடமும் இந்தக் கட்டுரை கேட்பது இதைத்தான்.